விருந்தாளிகளுக்கான கதிரைகள்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்திடம் நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. எல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றின் முதுகிலும் கழகப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் கழகத் தலைவர். அவருக்குக் கை நடுங்கும், ஆனால் தூரிகையை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார். அதனால் ஒரு கதிரையில் எழுத்து மேலே நிற்கும், மற்றதில் சரிந்து விழுந்து கிடக்கும். போர் முடிந்து மீளக்குடியேறிய அடுத்த வருடம் தொடங்கிய கழகம் அது. அன்றிலிருந்து அதன் ஆட்டங்களில் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தக் கதிரையில் இருந்து ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

மைதானத்தில் போடும் கதிரை விருந்தாளிக்கு என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். வெளியூர்க் கழகத்தோடு வந்தவர்கள், பள்ளிக்கூட அதிபர், கிராம அலுவலர், எதிரணிக்காகக் கத்த வந்த வயசாளிகள் என்று யாரும் இருக்கலாம். ஊர்க்காரர் நிற்க வேண்டும், அல்லது எதிலாவது ஏறிக்கொள்ள வேண்டும். பெண்கள் நாங்கள் கிழக்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், பாலை மரத்தின் கீழ் நிற்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நிற்போம். அது எங்கள் வீட்டு லாண்ட்மாஸ்டர். என் கணவர் அதை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, பெட்டியின் ஒரு மூலையில் சாக்கை விரித்து நித்திரை கொள்வார். அவருக்குப் பந்தும் ஒன்றுதான், பூசணிக்காயும் ஒன்றுதான். நான் அவித்துக் கொண்டுவரும் கச்சான் கடலைக்காகத்தான் அவர் வருகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை ஒரு மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக எங்கள் பெட்டியடிக்கு வந்தார்.

"அம்மா, இந்தாங்கோ விசில். நீங்களே வந்து ஊதுங்கோ."

"தாங்கோ," என்றேன். "கண் தெரியிற ஆளும் ஒருக்கா ஊதிப் பாக்கட்டும்."

எதிரணிக்காரரும் சேர்ந்து சிரித்தார்கள். மத்தியஸ்தரும் சிரித்துக்கொண்டே போய், அடுத்த நிமிடமே எங்களுக்கு எதிராக ஒரு தண்ட உதை கொடுத்தார். நான் திட்டியதுதான் காரணம் என்று பொடியன்கள் ஒரு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அந்த அணியில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பந்துகாப்பாளன் என் அக்காவின் மகன். பந்து கையில் பட்டுத் தவறினால் முதலில் திரும்பி என்னைத்தான் பார்ப்பான், எப்படியும் திட்டு விழும் என்று தெரியும். மற்றவன் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கைக்காரன், முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவன். கோல் அடித்ததும் பெட்டியடிக்கு ஓடிவந்து உள்ளங்கையை நீட்டுவான். நான் ஒரு பிடி கச்சான் வைப்பேன். மேற்குப் பக்கக் கம்பத்தில் அடித்தாலும் முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து வருவான். மத்தியஸ்தர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டே நிற்பார். கோதை உடைத்து வாயில் போட்டுக்கொண்டுதான் திரும்பப் போவான்.

இதெல்லாம் விளையாட்டு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்களுக்கு அதற்குள் வேறொன்றும் இருந்தது. எங்கள் தகப்பன்மார் மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, ஒட்டுசுட்டானுக்கும் அப்பால் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். முல்லைத்தீவுக்கு ஏதாவது அலுவலாகப் போனால் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊரின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "அதெங்க இருக்கு?" என்று வரும். சொன்னாலும் விளங்காது. கடைசியில் "ஓ, உள்ளுக்குள்ள ஆக்கள்" என்பார்கள். எங்களுக்கு உள், வெளி எல்லாம் அவர்கள் வைத்ததுதான். பிறகு ஒரு வருடம் எங்கள் பொடியன்கள் கடற்கரைப் பக்கத்துப் பெரிய கழகம் ஒன்றை அவர்களுடைய மைதானத்திலேயே வென்றார்கள். அந்த மாதம் நான் ஒரு கந்தோருக்குப் போய் ஊரின் பெயரைச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனையை வைத்துவிட்டு, "அந்த ரீமின்ர ஊரோ? இருங்கோ அக்கா, இருங்கோ," என்றார். என் தகப்பன் நாற்பது வருடம் கும்பிட்டுக் கேட்டும் கிடைக்காத மரியாதை அது. அந்தக் கழகத்துக்கு நான் பட்ட நன்றிக்கடனை வேறு எப்படிச் சொல்வது?

செத்தவீட்டையும் கழகம்தான் தூக்கிச் சுமந்தது. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அரை மணித்தியாலத்துக்குள் பொடியன்கள் கதிரையும் நிழலுக்குக் கட்டும் தறப்பாளும் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை. கல்யாணவீட்டுக்கு மட்டும் வாடகை உண்டு. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கல்யாணங்களைவிடச் சாவுகள் அதிகம். உடைந்த கதிரைக்குப் புதுக் கதிரை வாங்கி, கிழிந்த தறப்பாளுக்குப் புதுத் தறப்பாள் வாங்கி, செலவு கழகத்தின் கையை எப்போதும் கடித்துக்கொண்டே இருந்தது.

அதைச் சரிக்கட்டத்தான் மின்னொளிச் சுற்றுப்போட்டி வைப்பதென்று முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தகப்பனின் நினைவாக முதற்பரிசு மூன்று லட்சத்தையும் தான் தருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வெளிச்சமும் ஜெனறேற்றரும் முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் வாடகைக்கு. நாங்கள் அவரை நானா என்போம். நுழைவுச்சீட்டுக் காசில் அவருக்குக் கொடுத்துவிட்டாலும் கழகத்துக்கு மிச்சம் வரும் என்று கணக்கு. தொடக்க நாளில் தலைவர் மேடையேறி, நடுங்கும் கையில் மைக்கைப் பிடித்து, "முதற்பரிசு மூன்று லட்சம்!" என்றார். நான்தான் முதலில் விசிலடித்தேன்.

எங்களுடைய மூளைக்கு ஒரு விசயம் எட்டவில்லை. வாழ்நாள் முழுக்க யானையோடு சீவிக்கிற ஆட்கள் நாங்கள். பொழுதுபட்டால் எங்கள் ரோட்டால் சைக்கிளில் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் முப்பது பேருள்ள நிர்வாகசபையில் ஒருவர்கூட, இரவு ஆட்டத்துக்கு வருகிற சனம் எப்படித் திரும்பி வீட்டுக்குப் போகும் என்று கேட்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் சனம் வந்தது. அன்று திரும்பிப் போனவர்கள் பாலத்தடியில் இரண்டு யானைகளைக் கண்டார்கள். அடுத்த நாளிலிருந்து வெளியூர்ச் சனம் வரவேயில்லை. அத்தனை வெளிச்சத்துக்குக் கீழே நாங்களும் எங்கள் கச்சானும்தான். டீசல் மட்டும் ஒரு நாளும் குறையாமல் எரிந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில் அழுதார். அவருடைய சாப்பாட்டுக் கடை மூடிப்போய்விட்டது. காசு இல்லை. பரிசைக் குறைக்கலாம், வந்த கழகங்களிடம் நிலைமையைச் சொல்லலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் கேட்கவில்லை.

"மைக்கில சொல்லியாச்சு," என்றார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கதையில்லை. எழுதிக் கொடுத்ததை மாற்றலாம், கையெழுத்தை மறுக்கலாம், மைக்கில் சொன்னதை விழுங்க முடியாது. தலைவர் தன் மனைவியின் நகையை அடகு வைத்து, மூன்று லட்சத்தையும் மேடையில் எண்ணிக் கொடுத்தார். வென்றது வெளியூர்க் கழகம். அவர்கள் மகிழ்ச்சியோடு போனார்கள். எங்களுக்கு அடகும் வெளிச்சக் கடனும் மிஞ்சின.

நானா எட்டு மாதம் பொறுத்தார். பிறகு லொறியோடு வந்தார். கூட்டம் கூடி, கடனுக்கு ஈடாகக் கதிரை, தறப்பாள், ஸ்பீக்கர், வலை எல்லாவற்றையும் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. லீக்குக்குக் கட்ட வேண்டிய காசும் இல்லாததால் பொடியன்களுக்கு வேறு கழகத்தில் சேரும்படி விடுவிப்புக் கடிதமும் அன்றைக்கே கொடுத்தார்கள். கோல் கம்பங்கள் மட்டும் தப்பின. சீமெந்துக்குள் புதைத்த இரும்புக் குழாய்கள், பிடுங்கினால் வளைந்துவிடும். நானா கதிரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணினது காணும் நானா. எங்களுக்குக் களவெடுக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கடன் வந்திருக்குமோ?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி," என்றார் அவர். "லைற்றையும் குடுத்து, டீசலையும் நான்தான் அடிச்சனான். எனக்கும் குடும்பம் இருக்கு."

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு அப்போது நியாயம் தேவைப்படவில்லை. பல மாதம் அவரை நான் திட்டாத திட்டில்லை.

அந்த வருடம் கச்சான் பிடுங்கியதும், பெட்டியில் ஏறி நிற்கிற பெண்கள் நாங்கள் கூடிக் கதைத்தோம். வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுத்து, விற்று, தலைவரின் மனைவியுடைய நகையை மீட்டோம். கழகத்தைத் திருப்பி எழுப்ப எங்களால் முடியாது, அவவின் கழுத்துக்குச் சங்கிலியைத் திருப்பிப் போட முடிந்தது. தலைவர் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்தார். வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் பொல்லாதவையாக இருந்தன. மூன்று மணியானால் கால் தானாக வாசலுக்குப் போகும். கச்சான் அவிப்பேன், பிறகு யாருக்கு என்று யோசிப்பேன். என் கணவர் மட்டும் வழக்கம்போலத் தின்றார். அக்காவின் மகன் கடற்கரைப் பக்கத்துக் கழகத்தில் சேர்ந்தான். கோல் அடிக்கிற கச்சான் தின்னி புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கழகமொன்றில் சேர்ந்தான். நல்ல இடங்கள்தான். சப்பாத்துக்கூட அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். நான் சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கந்தோரில் ஒரு புதுப் பெண் என்னிடம் "அதெங்க இருக்கு அம்மா?" என்று கேட்ட நாளில், வீட்டுக்கு வந்து அழுதேன். கழகம் போனதோடு ஊரின் பெயரும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்படியிருக்க, பெட்டியில் எப்போதும் என் இடது பக்கத்தில் நிற்கும் சிநேகிதியின் கணவர் சிறுநீரக வருத்தத்தில் இறந்தார். கழகம் இல்லாமல் எங்கள் ஊரில் நடந்த முதல் செத்தவீடு அது. பொடியன்கள் வந்தார்கள், வெறுங்கையோடு வந்து முற்றத்தில் நின்றார்கள். வந்த சனம் வெயிலுக்குள் நின்றது. பத்து மணியளவில் ஒரு லொறி வந்து படலையடியில் நின்றது. நானா இறங்கினார். பொடியன்கள் ஏறிக் கதிரைகளை இறக்கத் தொடங்கினார்கள். அதே வெள்ளைக் கதிரைகள், அதே சரிந்த நீல எழுத்து. நான் கிட்டப் போனேன்.

"எவ்வளவு நானா, ஒரு நாளைக்கு?"

அவர் என்னைப் பார்க்காமல் கதிரைகளைப் பார்த்தார். "இந்தக் கதிரையள் செத்தவீட்டில காசு வாங்கிப் பழகேல்லை, தங்கச்சி. நான் எப்பிடிப் புதுசாப் பழக்கிறது?"

"எழுத்தையும் அழிக்கேல்லைப் போல," என்றேன்.

"அழிக்கிறதெண்டா பெயின்ற் கரைக்கிற தின்னர் வாங்கோணும். அதை ஆர் தாறது?" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "நூற்றிப் பன்னிரண்டு! திரும்பி வரேக்கையும் நூற்றிப் பன்னிரண்டு வரோணும்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமாக இந்த வாயால்தானே திட்டினேன்! அன்று பின்னேரம் கதிரைகளை நானே எண்ணி, துடைத்து, அடுக்கி ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் எந்தச் செத்தவீட்டுக்கும் காசு வாங்கியதில்லை. நன்றி என்று நேரே சொன்னால் கோபம் வரும் அவருக்கு. அதனால் கச்சான் கொடுத்துவிடுவேன்.

கழகம் போய் இரண்டாவது வருடம், லீக்கின் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் என்று சொன்னார்கள். மோதுவது கடற்கரைக் கழகமும் புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கழகமும். இரண்டுக்கும் நடுவில் பொதுவான மைதானம் வேண்டும், இரண்டுக்கும் சொந்தமில்லாத கம்பங்கள் வேண்டும். எங்களுடைய கம்பங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல்தானே நின்றன. காலையில் போனபோது தலைவர் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லையாம். கோடு நடுங்கித்தான் போயிருந்தது. "வடிவா இருக்கு," என்றேன். "பொய் சொல்லாத," என்றார். நகையை மீட்ட பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

என் கணவர் வழக்கம்போல லாண்ட்மாஸ்டரைப் பாலை மரத்தின் கீழ் நிறுத்திவிட்டுச் சாக்கை விரித்தார். நாங்கள் ஏறப்போகும் நேரம் லீக்கின் நிர்வாகி ஒருவர் ஓடிவந்தார்.

"அக்கா, இதில ஏன் நிக்கிறியள்? வாங்கோ, அங்க முன்னுக்குக் கதிரை போட்டிருக்கு. இண்டைக்கு நீங்கள்தானே ரெண்டு ரீமுக்கும் பொதுவான ஆக்கள்."

அன்பாகத்தான் கூப்பிட்டார். மறுக்கத் தெரியவில்லை. நடுக்கோட்டுக்கு நேரே, தறப்பாள் நிழலில், நானாவிடம் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கதிரைகள். முதுகில் எங்கள் எழுத்து. முதன்முறையாக ஒரு ஆட்டத்துக்கு அதில் இருந்தேன். சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். படம் பிடிக்க இருத்தியதுபோல எல்லாப் பெண்களும் மடியில் கை வைத்து இருந்தோம். பக்கத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட அதிகாரி ஒருவர். எப்படிக் கத்துவது? யாருக்குக் கத்துவது? ஒரு பக்கம் கம்பத்துக்குள் அக்காவின் மகன், மறுபக்கம் முன்னுக்கு அந்தக் கச்சான் தின்னி. மத்தியஸ்தர் கண் முன்னால் ஒரு பிழை விட்டார், நான் சோடாவைக் குடித்தேன். என் சிநேகிதி மெல்ல, "எங்கட செத்தவீட்டில இருந்த மாதிரி இருக்கு," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இடைவேளைக்குப் பிறகு அக்காவின் மகன் கிழக்குக் கம்பத்துக்குள் நின்றான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மற்றவன் பந்தோடு தனியாக உள்ளே வந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். பந்து கையில் பட்டது, ஆனால் நிற்கவில்லை. கோல்.

அவன் தன் புதுக் கழகத்தின் ஆதரவாளர்கள் குதித்துக்கொண்டிருந்த பக்கம் ஓடவில்லை. பழைய பழக்கத்தில் நேரே பாலை மரத்தடிக்கு ஓடி, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு பெட்டியடியில் போய் நின்றான். பெட்டியில் என் கணவரைத் தவிர ஒருவருமில்லை. அவர் திடுக்கிட்டு எழும்பி, நீட்டிய கையைப் பார்த்து விழித்தார். நிலத்தில் விழுந்துகிடந்த அக்காவின் மகனும் திட்டு வரும் என்று கழுத்தைத் திருப்பி அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கழகங்களின் சட்டை போட்ட எங்கள் பிள்ளைகள் இருவரும், நாங்கள் இல்லாத இடத்தில் எங்களைத் தேடினார்கள்.

யார் முதலில் எழும்பியது என்று தெரியாது. கதிரைகள் பின்னால் விழும் சத்தம்தான் கேட்டது. அதிகாரியின் சோடாவும் கொட்டியிருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி, மைதானத்துக்குள்ளாலேயே குறுக்கே ஓடினோம். செருப்பு ஒன்று நடுவில் கழன்றது. "கையை மடக்கிப் பிடிச்சா பந்து நிக்குமோடா, விசரா!" என்று போகிற போக்கில் ஒருவனைத் திட்டி, மற்றவனின் உள்ளங்கையில் கச்சானை வைத்தேன். பிறகு திட்டு வாங்கியவனுக்கும் ஒரு பிடி வைத்தேன். இரண்டு பேரும் கோது உடைத்தார்கள். மத்தியஸ்தர் மணிக்கூட்டைத் தட்டினார்.

அப்போது எங்கள் பழைய ஸ்பீக்கர் கரகரத்தது. அறிவிப்பாளர் கோபமாக, எங்கள் ஊரின் பெயரை முழுதாக, தெளிவாகச் சொன்னார். அந்த ஊர் ரசிகர்கள் தயவுசெய்து மைதானத்துக்குள் இறங்க வேண்டாம் என்றார். நாங்கள் அசையவில்லை. அவர் இரண்டாம் முறையும் சொன்னார். எங்கள் ஊரின் பெயர் அந்த ஸ்பீக்கரில் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கழகம் இல்லை, அணி இல்லை, வலைகூட இல்லை. ஆனாலும் நாங்கள் அந்த ஊர் ரசிகர்கள்தானாம்.

நான் பெட்டியில் ஏறினேன். என் கணவர் சாக்கைச் சுருட்டி எனக்கு இடம் விட்டார்.

"மைக்கில சொல்லியாச்சு," என்றார்.